பழகிய ஸ்பீக்கர்

“‘ச’ வர்ற ஒவ்வொரு இடத்துலயும் ஊசி மாதிரி குத்துது, கேளுங்க,” என்று சொல்லிவிட்டு, சர்வேயர் பாட்டை மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.

மெக்கானிக் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே தரையில் சம்மணம் போட்டுக் கேட்டார். குத்தத்தான் செய்தது.

ஒரு மாதமாக இதே கூத்து. ஒயரை மாற்றியாயிற்று. ஊர் நிலத்தையெல்லாம் அளந்த டேப்பை எடுத்து, ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து விரற்கடை விரற்கடையாக நகர்த்தியும் பார்த்தாயிற்று. கீச்சுச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ட்ரெபிள் குமிழைக் குறைத்தால் வலது பக்கம் அடங்கியது. இடது பக்கம் ஊமையாகிவிட்டது.

சர்வேயரின் மனைவி காலமாகி மூன்று மாதம். பேச்சுத்துணைக்கு மிஞ்சியது இந்தப் பாட்டு ஒன்றுதான். அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மனிதன் எங்கே போவான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் வாங்கி வந்த புதிதிலும் ஸ்பீக்கர் இப்படித்தான் கத்தியது. “கொஞ்சம் காதைக் குத்துற மாதிரி இல்லீங்க?” என்று அவள் ஒரே ஒரு முறை கேட்டாள். இடது ஸ்பீக்கரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்கிறவள் அவள்.

புதுசு அப்படித்தான் இருக்கும், பழக வேண்டும், பத்து நாள் பொறு என்றார் சர்வேயர். பாட்டுக் கேட்கக் காது மட்டும் போதாது, ஞானமும் வேண்டும் என்று கூடவே ஒரு குட்டும் வைத்தார்.

சொல்லி வைத்தாற்போல் பத்தாம் நாள் சத்தம் வெண்ணெயாகிவிட்டது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்த ஒருவரையும் இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. “ஆமாங்க, நல்லாப் பழகிடுச்சு,” என்று அவளும் சமையலறையிலிருந்து ஒத்து ஊதுவாள்.

கடைசியாக ஸ்பீக்கரைத் தொட்டது யார் என்று மெக்கானிக் கேட்டார்.

சர்வேயர்தான். தூசி துடைப்பதெல்லாம் அவள் வேலை. போன மாதம்தான் இவர் முதல்முறையாக வலது ஸ்பீக்கரின் முன்சட்டத்தைக் கழற்றித் துடைத்தார். உள்ளேயிருந்து தூசிக் கட்டி ஒன்று விழுந்தது. பெருக்கித் தள்ளினார். இடது பக்கத்துக்குப் போகவில்லை. அவள் நாற்காலியை நகர்த்த மனம் வரவில்லை.

மெக்கானிக் அதை நகர்த்தினார். சர்வேயர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

இடது சட்டம் கழன்றது. உள்ளே, கீச்சுச் சத்தம் வருகிற சின்ன ஸ்பீக்கரின் முகத்தை மூடிக்கொண்டு வட்டமாக ஒரு கம்பளித் துண்டு. ஓரம் பிரியாமல் நெருக்கித் தையல் போட்டிருந்தது.

“இதுதான் சார் விஷயம். வலது பக்கமும் ஒண்ணு இருந்திருக்கணும், ரெண்டும் இருந்தாத்தான் உங்க பழைய சத்தம்,” என்று மெக்கானிக் அதை நீட்டினார். “இந்தக் கம்பளி எங்க கிடைக்கும்?”

சாம்பல் நிறம். தூசி என்று நினைத்தால் தப்பில்லை. சர்வேயர் அதை வாங்கி, தான் போட்டிருந்த கையில்லாத ஸ்வெட்டரின் மேல் வைத்துப் பார்த்தார். வைத்த இடம் தெரியவில்லை.

இந்த ஸ்வெட்டருக்கு ஒரு காலத்தில் கை இருந்தது. எலி கடித்துவிட்டது, இரண்டு கையையும் வெட்டித் தைத்துவிட்டேன் என்று அவள் கொண்டுவந்து கொடுத்தது, ஸ்பீக்கர் பழகிய அதே வாரம்தான்.

அவர் விடவில்லை. ஒரு வாரம் பொறி வைத்தார். எலி இருந்தால்தானே விழும். தினமும் சாயங்காலம் பொறியில் புது ரொட்டித் துண்டு மாட்டிக் கொடுத்தவளும் அவள்தான்.

சர்வேயருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வந்த சிரிப்போடு சமையலறைப் பக்கம் திரும்பி, “நல்லாத்தான் பழக்கியிருக்கே,” என்றார்.

“ஆமாங்க” என்று யாரும் சொல்லவில்லை.