அணைக்கரைக் கூட்டாளி

ஞாயிறுதோறும் அணைக்கரையில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் தூண்டில் போடுவார்கள். ஒருவர் ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர். மற்றவன் பைக் மெக்கானிக்.

"என் பொண்ணு என் பேச்சை மீறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. ரெண்டு வருஷமா அவகிட்ட நான் பேசுறதில்ல," என்று அன்றும் ஆரம்பித்தார் ஸ்டேஷன் மாஸ்டர். "அவளைக் கட்டினவன் முகத்துலயே முழிக்க மாட்டேன்."

"நியாயமான கோபம்தான் சார்," என்றான் மெக்கானிக்.

"உன் மாமனார் எப்படி?"

"தங்கமான மனுஷன். கொஞ்சம் முன்கோபி."

"கொஞ்சம்தானா?"

அதற்குள் அவருடைய தூண்டில் வில்லாய் வளைந்தது. மெக்கானிக் வலையோடு தண்ணீரில் இறங்கினான். இருவருமாகச் சேர்ந்து பெரிய கெண்டை ஒன்றைக் கரையேற்றினார்கள். அதைத் தூக்கி அவன் பையிலேயே போட்டார் அவர்.

"தலையை உன் பொண்டாட்டிக்குக் கொடு. சின்ன வயசுல அதுக்காக அண்ணனோட கட்டிப் புரண்டு சண்டை போடுவா."

மெக்கானிக் வலையைக் கீழே போட்டான். "மாமா... எப்போ தெரிஞ்சுது?"

"முதல் நாளே. உங்க கல்யாண போட்டோ உன் மாமியார் தலையணைக்கு அடியிலதானே இருக்கு! தெரியும்னு சொன்னா நான் கோபப்பட்டாகணும். அப்புறம் எனக்கு இங்க யாருய்யா துணை? அடுத்த வாரம் அவளையும் கூட்டிட்டு வா மாப்பிள்ளை. நேர்ல வச்சுத் திட்டணும்."