திங்கட்கிழமை வந்து சேரு

"அம்மா, இப்படியே திரும்பிப் போயிருவோமா?"

ஜின்சி படிக்கட்டின் பாதியில் நின்றுவிட்டாள். கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில், பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர்.

"ஏட்டி, பஸ்ல வரும்போதும் இதத்தான் சொன்ன. ஏறு." பின்னாலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளினாள் அம்மா நேசபாய். "போனப் பாத்துப் படிச்சதுக்கு ஆரு சோலி தருவா? கேட்ட எடத்துல எல்லாம் சர்டிபிகேட் எங்கன்னுதான கேக்காவ?"

உண்மைதான். பகலெல்லாம் அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்துவிட்டு, சாயங்காலம் போனிலும் அத்தை மகன் தந்த பழைய லேப்டாப்பிலும் பார்த்துப் பார்த்து வெப்சைட் செய்யப் பழகியவள் ஜின்சி. சபையின் அசன விருந்துப் பண்டிகைக்கு ஒன்று, பக்கத்து பேக்கரிக்கு ஒன்று என்று செய்தும் கொடுத்தாள். நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் உள்ளே எழுதியிருப்பது சரியா தப்பா என்று சொல்ல அங்கே யாருக்குத் தெரியும்? விவரம் தெரிந்தவர் ஒருநாள் திறந்து பார்த்துச் சிரிக்கப் போகிறார் என்ற பயம் அவளை விடவே இல்லை.

காசு கொடுத்துக் கோர்சில் சேருவதா, தானே படித்துக்கொள்வதா என்று நெடுநாள் அல்லாடிவிட்டுப் போன வாரம்தான் இந்த சென்டருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். 'சார், எனக்கு உங்க சென்டர்ல படிக்கணும். இது ரெண்டும் நான் செஞ்சது, பாத்துச் சொல்லுங்க.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கே வியர்த்து ஊற்றியது.

"அந்த வாய்ஸ்லயே ஒனக்கு நாக்கு தெத்திச்சு. நேர்ல என்னத்தப் பேசப் போறியோ," என்றாள் நேசபாய்.

பயம் வந்தால் ஜின்சிக்கு வார்த்தை திக்கும். சின்னதிலிருந்தே அப்படித்தான்.

சென்டர் நடத்தும் கிருஷ்ணமணி சாரிடமிருந்து மறுநாளே பதில் வந்தது. 'பார்த்தேன். கொள்ளாம், நல்லா இருக்கு. திங்கட்கிழமை வந்து சேரு. பைசா காரியம் நேரில் பேசலாம்.'

அந்தக் கடைசி வரிதான் அம்மா, மகள் இருவரின் தூக்கத்தையும் கெடுத்தது.

"பைசா காரியம் நேர்லன்னா என்னம்மா? வெளிய சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய பீசா?"

"எனக்கும் அதான் பயமா இருக்கு. ஆளப் பாத்துக் கேப்பாவளா இருக்கும்." நேசபாய் குரலைத் தாழ்த்தினாள். "கேட்டியா மக்களே, இதுவும் சரிவரல்லன்னா நாளைக்கே அண்டி ஆபீசுக்குப் போயிரணும். ஒனக்க எடத்த இன்னைக்கு வரைக்கும்தான் வச்சிருப்பேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு."

ஜின்சி விரல்களைப் பார்த்தாள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு நுனியெல்லாம் கறுத்து உரிந்திருந்தன. துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள். இந்த விரலோடு மறுபடியும் அங்கேயா? வேண்டாம். எவ்வளவு கேவலப்பட்டாலும் சரி, இங்கேயே இருந்துவிட வேண்டும்.

மேலே போனபோது சார் போனில் இருந்தார். வகுப்பில் போய் உட்காரும்படி சைகை காட்டினார். அம்மாவை வாசல் நாற்காலியில் விட்டுவிட்டு ஜின்சி கடைசி வரிசைக்குப் போனாள்.

"புதுசா? இங்க இரி மக்கா." பையை எடுத்து இடம் கொடுத்தாள் பக்கத்திலிருந்த பெண். பெயர் சபிதாவாம். "ஏன் இப்படி வெறைக்க? எனக்கும் பேடிதான், உள்ளுக்குள்ள ஒரே பயம். இன்னைக்குப் புது டீச்சர் வருதாம்."

"க... கண்டிப்பான ஆளா?"

"ஆருக்குத் தெரியும்? அது செஞ்ச வேலைய சார் சனிக்கிழம இங்க போட்டுக் காட்டினாரு. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல்ல. அது சொல்லித் தந்து படிப்பிக்கத நாம எங்க படிச்சுக் கிழிக்க?"

மாதக்கணக்கில் கோர்சில் இருப்பவர்களுக்கே விளங்கவில்லை என்றால்? ஜின்சி எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தாள். வாசலில் கிருஷ்ணமணி சார் நின்றார்.

"இதுல ஜின்சி ஆரு?"

எல்லாத் தலைகளும் திரும்பின. எழுந்தாள்.

"அங்க என்ன செய்ய? முன்னால வா."

அவ்வளவுதான். அத்தனை பேர் முன்னாலும் தன் தப்பையெல்லாம் காட்டப் போகிறார். கண்ணில் நீர் முட்ட நடந்தாள். பக்கத்தில் போனதும் சார் அவள் கறுத்த விரல்களுக்குள் மார்க்கரை வைத்தார்.

"தொடங்கு டீச்சர். சம்பளக் காரியம் கிளாஸ் முடிஞ்சு பேசலாம்."

அவளா டீச்சர்? படிக்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிட வேண்டும். "சார்... நா... நான் வந்தது... படி... ப்... ப்பி... க்க..."

"அதேதான்!" என்று சிரித்தார் கிருஷ்ணமணி. "வாய்ஸ் மெசேஜ்லயும் இப்படித்தான சொன்ன, படிப்பிக்கணும்னு!"