கோபக்காரக் கை

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு கிடையாது. கீபோர்டில் தட்டுகிற விதத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடும். வேலையில் சேர்ந்த அன்று மாதிரிக்கு ஒரு பத்தி அடிக்கச் சொன்னார்கள். வழியில் பஸ் கண்டக்டரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். அந்தச் சூட்டிலேயே அடித்தேன். அன்றிலிருந்து கோபமாக இருக்கும் செம்மலரை மட்டும்தான் அதற்குத் தெரியும். இதனால் எனக்கு ஒருநாளும் சிக்கல் வந்ததில்லை என்பதுதான் கேவலம்.

நேற்று என் வேலை நிரந்தரம் என்று உத்தரவு வந்தது. மாலைக்குள் நானே ‘சம்மதம்’ என்று அடித்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சந்தோஷத்தில் விரல்கள் பூப்போல விழுந்தன. ‘நீங்கள் செம்மலர் இல்லை’ என்றது திரை. மறுபடி அடித்தேன். அதே பதில். இன்னொரு முறை தவறினால் பூட்டிக்கொள்ளும்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். "அப்பா, என்ன நல்லா திட்டுப்பா."

"உன்ன எதுக்கு கண்ணு திட்டணும்? நம்ம வம்சத்துலயே மொத டிகிரி நீ. வேல நிரந்தரமாயிடுச்சுன்னு தெருவுக்கே லட்டு குடுத்துக்கிட்டு இருக்கேன்."

அழுகைதான் வந்தது. அழுகிற செம்மலரையும் அதற்குத் தெரியாது.

மேனேஜர் நளினி மேடம் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, உள்ள போக முடியலையா? வீட்ல படிச்சவங்க இல்லைன்னா இதெல்லாம் பழக லேட் ஆகத்தான் செய்யும். பாவம்."

மூன்றாம் முறை அடித்தேன். ‘வணக்கம், செம்மலர்’ என்று திறந்துகொண்டது.

எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் பூட்டிக்கொள்ளுமே என்று, மேடத்தை முறைத்தபடியே ‘சம்மதம்’ அடித்து முடித்தேன்.