பாறைக்குள் ஒரு கோடு

ரங்கநாதன் செல்போனை அணைத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். அடுத்தவர் பேச்சைக் கேட்பதற்காக ஒரு பில்டர் போனை அணைத்ததைப் பெங்களூரில் பிரிசில்லா பார்ப்பது இதுதான் முதல் முறை.

பூமிக்குள் ஓடும் அதிர்வுகளை அளப்பது அவள் வேலை. ஆனேக்கல் பக்கம் அவர் இருநூறு வீடு கட்டப்போகும் ‘ஸ்திரா என்க்ளேவ்’ மனையில் ஆறு மாதம் கருவிகளைப் புதைத்துவைத்து அளந்திருந்தாள். முடிவை மூன்று அரசு அலுவலகங்களில் காட்டியும் ஆயிற்று. முதலாவதில் கொட்டாவி. இரண்டாவதில் டீ. மூன்றாவதில், "இங்க டிராஃபிக்கே அசையாது மேடம், பூமியா அசையப்போகுது?"

"பாறைக்குள்ள பழைய வெடிப்பு ஒண்ணு இருக்கு சார். குவாரிப் பள்ளத்துத் தண்ணி அதுக்குள்ள இறங்குது. அது வழியா வர்ற அதிர்வோட வேகம் மாசாமாசம் குறையுது."

"வேகம் குறைஞ்சா, உள்ள தண்ணியோட அழுத்தம் ஏறுதுன்னு அர்த்தம். அப்படித்தானே?"

பிரிசில்லாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுடைய மேலதிகாரிக்கே இது புரிய மூன்று மாதம் பிடித்தது.

"ஆமா சார். இப்படியே ஏறினா பாறை வழுக்கலாம். எப்போன்னு யாராலயும் சொல்ல முடியாது. மேல வீடு கட்டாம இருக்கறது நல்லது."

"இருநூறு குடும்பம் மேடம்." அவர் குரல் தழுதழுத்தது. அவளுக்கு இரண்டாவது காபி சொன்னார். பிறகு அவள் விரித்திருந்த வரைபடத்தில் வெடிப்பைக் காட்டும் சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். அது மனையை நட்டநடுவே பிளந்துகொண்டு போய், கிழக்கு வேலியோரம் நின்றிருந்தது.

"வேலிக்கு அந்தாண்ட பச்சைமுத்துவோட மாந்தோப்பு. அங்க ஒண்ணும் இல்லையா?"

"இல்ல சார். அது கெட்டிப் பாறை."

"கொடுத்துவச்ச மனுஷன்."

அடுத்தவர் நிம்மதியை நினைத்துப் பெருமூச்சு விடும் பில்டர். பிரிசில்லாவின் கண்கள் கலங்கின. இந்த ஊரில் மனசாட்சி இன்னும் மிச்சமிருக்கிறது என்று வீட்டுக்குப் போனதும் கணவன் கிறிஸ்டோபரிடம் சொல்ல வேண்டும். அவன் நம்பமாட்டான்.

"அப்ப, ரிப்போர்ட்டை ஃபைனல் பண்ணிடட்டுமா சார்?"

"தாராளமா. ஒரு எழுத்துகூட மாத்த வேணாம்" என்றபடி ரங்கநாதன் பென்சிலையும் ரப்பரையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"கோட்டை மட்டும் பச்சைமுத்து தோப்புக்குள்ள தள்ளிடுங்க, அடிமாட்டு விலைக்கு வாங்கிடலாம்."