ஐந்தருவி மட்டும் வேண்டாம்

எங்கள் தெருவில் இட்லி மாவு விற்கிற ரூபி அக்காவுக்கு மகனிடமிருந்து போன் வந்தால் ஸ்பீக்கரில்தான் போடுவாள். மாவு வாங்க வந்தவர்கள் எல்லாரும் கேட்க வேண்டும்.

"போலந்துல இருந்து எம்மவன் பேசுதான்" என்று எங்களைப் பார்த்து ஒரு தடவை சொல்லிவிடுவாள். அதற்கப்புறம்தான் "சொல்லுய்யா பிரின்ஸ்" என்பாள்.

பிரின்ஸ் அங்கே இன்ஜினியரிங் படிக்கப் போய் ஒரு வருசம் ஆகப் போகிறது. இப்போதெல்லாம் போனில் முகம் தெரியாது. கேமரா ரிப்பேராம். இரண்டு மாசமாகப் பின்னால் ஒரே இரைச்சல் வேறு. என்ன சத்தம் என்று யாராவது கேட்டால், அவன் ரூமுக்குக் கீழே மெஷினில் துணி துவைக்கிற கடை இருக்கிறது என்று அக்காவே சொல்லிவிடுவாள்.

தெருவில் அவளுக்குப் 'போலந்துக்காரி' என்று பேர் வைத்துவிட்டார்கள். மாவு புளிக்குதோ இல்லையோ, இவள் பேச்சு புளித்துப் போச்சு என்று உலகம்மை மதினி சொல்லிச் சிரிப்பாள். எனக்கும் சில நேரம் எரிச்சலாகத்தான் வரும்.

ஆடி மாசம் தெருப் பெண்கள் எல்லாரும் வேன் பிடித்துக் குற்றாலம் போனோம். ரூபி அக்காவுக்குப் பிறந்த ஊரே அதுதான். ஐந்தருவி பக்கத்தில் அவள் அப்பா டீக்கடை வைத்திருந்தாராம். இப்போது அங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை. கூப்பிட்டதற்கு வரவில்லை என்றுவிட்டாள். ஆனால் எங்களுக்கு ஒரு புத்தி சொன்னாள்.

"ஐந்தருவிக்கு மட்டும் போவாதீங்க. அங்கன வழுக்கும். குரங்குத் தொல்லை வேற. பழைய அருவிக்குப் போங்க."

அப்படியே பழைய அருவியில் குளித்துவிட்டு வந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரருக்கு லீவு. மத்தியானம் என்னையும் பிள்ளையையும் பைக்கில் ஏற்றினார். ஐந்தருவிக்குத்தான் விட்டார்.

அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளிக்கப் போனார். நான் துண்டும் பையுமாக ஓரத்தில் நின்றேன். பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக இருந்தார்கள். தலையில் துண்டு கட்டின ஒரு பையன், ஒரு தடித்த ஆளின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான்.

பிரின்ஸ்.

கையில் இருந்த பை கீழே விழுந்துவிட்டது. எடுக்கத் தோன்றவில்லை. அவன் கையும் அப்படியே நின்றுவிட்டது.

"என்னலே, தூங்கிட்டியா? தேய்லே" என்றார் அந்த ஆள்.

முடித்துவிட்டு எண்ணெய்க் கையோடு வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தே பேசினான்.

இங்கிலீசில் பாடம் என்று சொல்லித்தான் ஏஜென்ட் அனுப்பினானாம். அங்கே போனால் எல்லாம் அவர்கள் பாஷையாம். ஒன்றும் புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருப்பானாம். வகுப்பு விட்டதும் பனியில் சைக்கிள் மிதித்து வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு கொடுக்கிற வேலையாம். எட்டுப் பேருக்கு ஒரு ரூம். பரீட்சை போச்சு, விசாவும் போச்சு. ஊர் திரும்பி நாலு மாசம் ஆகிறதாம். சீசன் தொடங்கின இந்த இரண்டு மாசமாக இங்கேதானாம்.

வீட்டுக்கு வா தம்பி என்றேன். வேறென்ன சொல்ல?

"எப்படிக்கா வருவேன்? அம்மா ஊர் பூரா சொல்லி வச்சிருக்காங்க. நல்ல வேலை ஒண்ணு கெடச்சதும் நானே வந்து சொல்லுதேன். நீங்க சொல்லிராதீங்க. அம்மா தாங்க மாட்டாங்க."

சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். ஆனால் எனக்கு எதையும் மறைக்கத் தெரியாது. முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

அன்று சாயங்காலம் மாவு வாங்கப் போகவே பயம். காலையில் இட்லிக்கு வேண்டுமே என்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். போன நேரம் பார்த்துப் போன் வந்தது. ஸ்பீக்கரில் பிரின்ஸ் குரல். பின்னால், மத்தியானம் நான் கேட்ட அதே இரைச்சல்.

"ஞாயித்துக்கிழமைகூடவா தொவைக்கிறானுவ?" என்றாள் உலகம்மை மதினி.

"அன்னைக்குத்தான் அங்கன துணி ரொம்ப வரும்" என்றாள் ரூபி அக்கா, கண் இமைக்காமல்.

எல்லாரும் போனார்கள். நான் ஒருத்திதான் மிச்சம். அக்கா என் தூக்குவாளியை வாங்கினாள். பிள்ளையின் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஈரம் காயலையே. எந்த அருவிக்குப் போனீங்க?"

பொய் வாயில் வரவில்லை. "ஐந்தருவி" என்றேன்.

அவள் கரண்டி மாவுக்குள்ளேயே நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. இனிமேல் முடியாது, சொல்லிவிடலாம் என்று, "அக்கா, நான் ஒண்ணு..." என்றேன்.

"சொல்லாதட்டி. அவனா வந்து சொல்லட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்போ உங்களுக்கு..."

"அந்தச் சத்தத்துலயே பொறந்து வளந்தவ நான். எனக்குத் தெரியாதா? நான் போய் நின்னா, அங்கன இருந்தும் ஓடிருவான்."

"பெறகு ஏன்க்கா தெருப் பூரா போலந்து போலந்துன்னு..."

"நான் பேச்ச நிறுத்துனா, தெரு கேக்க ஆரம்பிச்சிரும்லா."

மாவை ஊற்றித் தூக்குவாளியை மூடினாள். என் கையில் தரவில்லை. வெளியே யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து, குரலே எழும்பாமல் கேட்டாள்.

"மெலிஞ்சிருக்கானாட்டி?"