நம்ப முடியாத வண்டி

"இழுக்கிறது எஞ்சினுக்குப் பெருமை, நிறுத்துறது... அப்பா ஏதோ சொல்வாரே, நிறுத்துறது யாருக்குப் பெருமைன்னு?"

பிக்கப் வண்டியின் பானெட்டைத் தட்டியபடி அண்ணன் கேட்டார்.

"ஞாபகம் இல்லண்ணே," என்றான் தம்பி.

"கிடக்கட்டும். டிரெய்லரை மாட்டு."

டிரெய்லர் பக்கத்துத் தோட்டக்காரருடையது. நிறைய உருளைக்கிழங்கு மூட்டை. அவருடைய டிராக்டர் படுத்துவிட்டது. சரக்கு இன்றைக்கே கிடங்குக்குப் போயாக வேண்டும்.

தம்பி அசையவில்லை.

"வேண்டாம்ணே. இந்த வண்டியை நம்பிப் பாரம் இழுக்க முடியாது."

கொட்டகையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்களின் ஊசி அப்படியே நின்றது.

"எதை? இதையா?" அண்ணனுக்குக் குரல் ஏறியது. "டீசல் வண்டிடா இது! சேத்துல புதைஞ்ச லாரியையே இழுத்துக் கரையேத்தினது. குளிர்ல ஊர்ல உள்ள வண்டியெல்லாம் தள்ளு தள்ளுன்னு நிக்கும்போது, ஒரே சாவியில உறுமினது!"

"இல்லைங்கல. போன வாரம் இறக்கத்துல நிக்காமப் போய்ப் பாலத்துச் சுவர்ல மோதிச்சே?"

"அது மணல். சறுக்கிடுச்சு."

தோட்டக்காரர் சிரித்தார். "தம்பிக்குப் புது வண்டி மேல கண்ணு. பழசைக் கெட்டதுன்னு சொன்னாத்தானே புதுசு வாசலுக்கு வரும்?"

"ஆகாத பொண்டாட்டி கை பட்டாலும் குத்தம், கால் பட்டாலும் குத்தம்," என்றாள் மூட்டை தைக்கும் அம்மாள்.

அண்ணனே மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

மெக்கானிக் வரும்போதே சைலன்சர் இல்லாத வண்டி மாதிரிதான் வந்தார்.

"எவன் சொன்னது நான் கை வச்ச வண்டியை நம்ப முடியாதுன்னு? இதுல ஒரே ஒரு குறை இருக்கட்டும், இந்த ஸ்பானரை அந்தக் கிணத்துல போட்டுட்டு வீட்டுக்குப் போறேன்!"

"சின்னவர்தான் சொன்னார்," என்று தோட்டக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

"சின்னவரே, பாகம் பிரிக்கிற ஆசை இருந்தா நேரா அண்ணன்கிட்ட கேளுங்க. வாயில்லாத வண்டி மேல ஏன் பழியைப் போடறீங்க?"

கொட்டகையே சிரித்தது. தம்பியின் காது மட்டும் சிவந்தது.

மெக்கானிக் தானே டிரெய்லரை மாட்டினார். முழுப் பாரத்தோடு கொட்டகைக்குப் பின்னால் இருந்த சரிவில் இறக்கி, பாதியில் பிரேக் பிடித்தார். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது.

"பார்த்துக்குங்க! எல்லாரும் நல்லாப் பார்த்துக்குங்க!"

"நீ எறங்குய்யா, நான் காட்டறேன்," என்று அண்ணன் ஏறி உட்கார்ந்தார்.

வண்டியை மேலே ஏற்றி, முற்றத்தைக் கம்பீரமாக ஒரு சுற்று வந்தார். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், கொஞ்சம் தள்ளிப் போய்க் காலிக் கூடைகளை இடித்துக் கவிழ்த்துவிட்டுத்தான் வண்டி நின்றது.

"கூடையை எவன்டா வழியில அடுக்கினது?" என்று அதட்டிக்கொண்டே இறங்கிக் கூட்டத்தை நோக்கி நடந்தார்.

மெக்கானிக்கின் சிரிப்பு மறைந்தது. கதவைத் திறந்து குனிந்து, பிரேக் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். பெடல் சரியாகத்தான் இருந்தது.

அதன் கீழே ஒரு செருப்பு கிடந்தது. வலது கால் செருப்பு.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

வெயிலில் சரளைக்கல் கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் இடது காலில் செருப்போடும், வலது காலில் ஒன்றும் இல்லாமலும் நடந்துகொண்டிருந்தார். ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை. வண்டியின் பெருமையைப் பேசுவதையும் நிறுத்தவில்லை.

பக்கத்தில் வந்து நின்ற தம்பி, செருப்பை வாங்கித் துண்டுக்குள் மறைத்துக்கொண்டான்.

"எப்போலேர்ந்து இப்படி?" மெக்கானிக்கின் குரல் இறங்கிவிட்டது.

"சர்க்கரை ஏறினதுலேர்ந்து. கால் பெடல்ல இருக்கா, தரையில இருக்கான்னே அவருக்குத் தெரியல. தனியாச் சொல்லிப் பார்த்துட்டேன், ஒத்துக்க மாட்டேங்கறார். இறக்கத்துக்குக் கீழ பள்ளிக்கூடம் இருக்கு."

"அதை இப்பச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"இத்தனை பேர் முன்னாடியா? நிறுத்துறது ஓட்டுறவனுக்குப் பெருமைன்னு அப்பா சொல்வார். அண்ணன் கேட்டப்போ, ஞாபகம் இல்லன்னுட்டேன்." தம்பி வண்டியைத் தொட்டான். "இது போச்சுன்னு சொன்னா, இது அழாது."

"என்னய்யா அங்க ரகசியம்?" அண்ணன் கூட்டத்தின் நடுவிலிருந்து கூவினார். "எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொல்லு! என் வண்டியை நம்பலாமா, கூடாதா?"

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே இன்னொரு தடவை துடைத்தார்.

"சின்னவர் சொன்னதுதான் சரி, பெரியவரே. பிரேக்கை நம்ப முடியாது. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். வண்டி என் பட்டறையில நிக்கட்டும். கிழங்கை நான் வேற வண்டியில இழுத்துட்டுப் போறேன்."



"ஸ்பானர் என்ன ஆச்சு?" தோட்டக்காரர் கையைத் தட்டினார். "கிணறு அந்தப் பக்கம்யா!"

மறுபடியும் சிரிப்பு. எல்லோரும் மெக்கானிக்கையே பார்த்துக்கொண்டிருந்தபோது, தம்பி குனிந்து அண்ணனின் வலது காலில் செருப்பை மாட்டிவிட்டான்.

அண்ணன் அதையும் கவனிக்கவில்லை. அவர் முகம் தெளிந்திருந்தது.

"அதானே பார்த்தேன்! அன்னைக்கு இறக்கத்துல நான் மிதிச்சேன்யா. நல்லாத்தான் மிதிச்சேன்."

"மிதிச்சிருப்பீங்க பெரியவரே."

மெக்கானிக் அவர் கையிலிருந்து சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு நேராகக் கிணற்றடிக்குப் போய், ஸ்பானரை உள்ளே வீசினார்.