அக்கா பார்க்க வந்த ரயில்

மாலை வெயில் பின்னறை ஜன்னல் வழியே சாய்ந்து, மேசை முழுவதும் வளைந்து கிடக்கும் குட்டித் தண்டவாளத்தின் மேல் விழுகிறது. பழைய சாமான் கடையில் துருவேறிக் கிடந்த எஞ்சினைப் பழுதுபார்த்த தம்பி, சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அதைத் தண்டவாளத்தில் வைக்கிறான். "எப்போடா காட்டப் போறே?" என்று அக்கா கேட்டபோதெல்லாம், "எல்லாம் முடியட்டும்க்கா" என்றே வருஷங்களைத் தள்ளிவிட்டான். இப்போது முடிந்துவிட்டது. அதற்குள் அக்காவுக்குப் பார்வை போய்விட்டது. வெயில் நேராக முகத்தில் அடித்தும் அவள் கண்ணைச் சுருக்கவில்லை. விரல்நுனியால் ஸ்டேஷன் கூரையைத் தடவுகிறாள். "ஓடுகளைக்கூட ஒண்ணொண்ணா ஒட்டியிருக்கே. உனக்கு வேற வேலையே இல்லையாடா?" என்று சிரிக்கிறாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சுவிட்சைப் போடுகிறான். ரயில் கிர்ரென்று கிளம்பி, குகைக்குள் நுழைந்து வெளியே வருகிறது. சத்தம் போகும் பக்கமெல்லாம் அவள் முகம் திரும்புகிறது. "எஞ்சின் என்ன கலர்?" "பச்சைக்கா." "எந்தப் பச்சை?" எத்தனையோ டப்பாக்களைக் கலந்து கலந்து அந்த நிறத்தைக் கொண்டுவந்தவன் அவன்தான். சொல்லத் தெரியவில்லை. அக்கா தலையை லேசாகச் சாய்த்தபடி காத்திருக்கிறாள்.